கட்டுக்குள் முளைத்த இலை

என் அப்பாவின் வலது காலை வாங்கியது கரும்புக் கட்டை என்று ஊரில் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் சர்க்கரை வியாதி என்பார்கள். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் அந்தக் காலைக் காப்பாற்ற எங்களுக்கு இரண்டு வாரம் அவகாசம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தையும் பாழாக்கியது நான்தான். எண்பதுகளில் நடந்த கதை. அதற்குப் பிறகு நானே தாவரவியல் டீச்சராகி, எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தாலும் என் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். நாங்கள் சமணர்கள். வடக்கேயிருந்து கடை வைக்க வந்த குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாத, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே பயிர் வைத்த குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் எங்கள் வீட்டுக்குள் வராது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அது வேரில்லை, காய்தான் என்று அப்பா தீர்ப்பு வழங்கியிருந்தார். அவருக்கு வேகவைத்த மல்லாட்டை என்றால் உயிர் என்பதால் வந்த தீர்ப்பு அது என்று நான் சீண்டுவேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

கிழங்கை ஏன் ஒதுக்குகிறோம் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வெட்டிப் போட்டாலும் மறுபடி முளைக்கிறது என்றால், அதற்குள் இருப்பது ஒரே ஓர் உயிராக இருக்க முடியாது. எண்ண முடியாத உயிர்கள் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. அதைத் தின்பது அத்தனையையும் தின்பதாகும். மாடு, நாய், மனுஷன் இவர்களுக்கெல்லாம் உடம்புக்கு ஓர் உயிர். இந்தக் கணக்கைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது.

நான் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. தாவரவியல் மூன்றாம் வருடம் படித்தேன். சனிக்கிழமை பாசஞ்சர் ரயில் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். அந்த வருடம் எங்களுக்கு வந்த பாடங்களில் ஒன்று, செடி இழந்த உறுப்பை எப்படி மறுபடி உண்டாக்குகிறது என்பது. கேரட்டின் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, தகுந்த சத்து நீரில் வைத்தால், அதிலிருந்து வேரும் தண்டும் இலையுமாக முழுக் கேரட் செடியே வரும் என்று எங்கள் லெக்சரர் சொன்னார். எங்கள் கல்லூரியில் அதைச் செய்து பார்க்க வசதி கிடையாது. மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்கும் பஞ்சுக்கும் மேல் எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொல்லிய விதத்தில் நான் மயங்கிப் போனேன்.

அந்த வார முடிவில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அத்தனையும் ஒப்பித்தேன். தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இருக்கின்றன. அப்போதைய பாடத்தில் அதற்கு ஆக்குத்திசு என்று பெயர். இன்றைக்கு அதற்குள் இருக்கும் மூலச் செல்களைக் குருத்தணு, ஸ்டெம் செல் என்று தனியாகவே சொல்கிறார்கள். மற்ற செல்களெல்லாம் இலையாகவோ பட்டையாகவோ ஆகி, அதோடு நின்றுவிடும். இவை மட்டும் எதுவாகவும் ஆகாமல் இருக்கும். ஒரு செல் இரண்டாகும்போது ஒன்று இலையாகப் போகும், மற்றது அங்கேயே தங்கிக்கொள்ளும். அதனால்தான் நூறு வயது ஆலமரமும் இன்றைக்குக் காலையில் புதுத் துளிர் விடுகிறது. நுனியைக் கிள்ளினால் இலைக் கக்கத்தில் தூங்குகிற மொட்டு எழுந்துகொள்ளும். வேர் நுனியை நறுக்கினால் பக்கத்துச் செல்கள் அதுவரை பார்த்த வேலையை விட்டுவிட்டு, போன நுனியைத் திரும்பக் கட்டும். இதையெல்லாம் சொல்லச் சொல்ல அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத்தத்தான நாங்க சொல்லிக்கினு இருக்கோம். ஒங்க வாத்தியாரு இன்னிக்கித்தான் கண்டுபுடிச்சாரா?" என்றார்.

"அவரு கண்டுபுடிக்கலப்பா. வெளிநாட்டுல கண்டுபுடிச்சாங்க."

"யாரு கண்டுபுடிச்சா இன்னா. நெறைய உயிரு இருக்குதுன்னு ஆச்சா இல்லியா?"

உயிர் வேறு, செல் வேறு என்று நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. நான் படிப்பது கல்யாணத்துக்கு முன்னால் பொழுதுபோக்க என்று சொந்தபந்தம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முதல்முறையாக என் படிப்பு என் அப்பாவுக்கு உபயோகமாகியிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

பிறகு அவர் கேட்டார்: "மனுசனுக்கு எப்பிடி?"

"மனுஷனோட ஒவ்வொரு செல்லுலயும் முழு உடம்புக்கான விவரமும் இருக்குதுப்பா" என்றேன்.

அது உண்மைதான். மீதி உண்மையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விவரம் இருந்தாலும் நம் செல்கள் செடியைப் போலப் பின்னால் திரும்பி வருவதில்லை. தோல் கொஞ்சம் வளரும், உடைந்த எலும்பு கூடும், அதற்கு மேல் போனால் போனதுதான். ஒரு சுண்டுவிரல்கூட முளைக்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

பொங்கல் கழிந்து கரும்பு வெட்டு நடந்தது. கரும்பை வெட்டி எடுத்த பிறகு, தரையில் நிற்கிற கட்டைகளை மண்வெட்டியால் மட்டமாகச் சீவிவிடுவார்கள். அப்போதுதான் அடியிலிருக்கும் கணுக்கள் முளைத்து மறுதாம்பு என்கிற அடுத்த பயிர் வரும். சீவுவதற்கு முன்னால் அந்தக் கட்டைகள் சாய்வாக, ஈட்டி மாதிரி நிற்கும். அப்பா அதற்கிடையில் நடந்திருக்கிறார். ஒரு கட்டை ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை வியாதி சில வருடங்களாகவே அவர் பாதத்தை மரத்துப்போகச் செய்திருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் கத்தியிருக்கிறாள்.

திண்டிவனத்து டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். சர்க்கரைக்காரர் கால், விளையாட்டில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றியாக வேண்டும் என்று கண்டித்துச் சொன்னாராம். அப்பா இரண்டு தடவை போனார். மூன்றாவது தடவை போக வேண்டிய நாளில் கரும்பு ஏற்ற லாரி வந்துவிட்டது. வலி இருந்தால் போயிருப்பார்.

அந்தச் சனிக்கிழமைதான் நான் ரணகள்ளி இலையோடு வீட்டுக்குப் போனேன். பிராக்டிகலுக்காகக் கொடுத்தது. தடித்த சதைப்பற்றான இலை, ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிறு கூட்டம் செல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். இலை செடியிலிருந்து விழுந்துவிட்டால் அவை விழித்துக்கொண்டு, பள்ளத்துக்கு ஒரு குட்டிச் செடியாக முளைக்கும். மண்கூட வேண்டாம், கொஞ்சம் ஈரம் போதும். எங்கள் பக்கத்தில் இந்த இலையை அரைத்துப் புண்ணுக்குப் போடுவது வழக்கம்தான். பேரே அதனால்தான் வந்திருக்க வேண்டும்.

நான் பள்ளங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா, "நல்லதாப் போச்சு. ரெண்டு எல அரச்சிக் கால்ல வச்சிக் கட்டலாம்" என்று அம்மியைக் கழுவப் போனாள். அப்பா தடுத்தார்.

"பள்ளத்துக்கு ஒரு செடி வரும்னு இவளே சொல்றா. அம்மாந்த உயிர அம்மியில வச்சி அரைக்கச் சொல்றியா?"

"அப்பொ டாக்டர்கிட்ட போங்க."

"போறேன், போறேன். லாரி அனுப்பிட்டுப் போறேன்." என்னைப் பார்த்தார். "அரைக்காம முழுசா வச்சிக் கட்டுனா இன்னாம்மா? அதுக்கும் சேதமில்ல. புண்ணுக்கும் ஆவும். வெட்டுன எடத்துல செடியையே கொண்டாருது. கொஞ்சம் சதையக் கொண்டாராதா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் சின்னதுதான்: அது செடிப்பா, நம்ம உடம்பு அப்படி இல்ல, இப்பவே பஸ் ஏறலாம். என்ன செய்தேன் தெரியுமா? இருப்பதில் பெரிய இலையாகப் பார்த்து எடுத்துக் கழுவினேன். பழைய வேட்டியைக் கிழித்தேன். டாக்டர் போட்ட பஞ்சை எடுத்துவிட்டு, இலையைப் புண் மேல் வைத்து, என் கையாலேயே கட்டினேன். அப்பா காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு டாக்டராவே ஆயிட்டா" என்றார். எனக்கு ஜில்லென்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் வாசலில் நுழைந்ததும் அவர் கட்டிலிலிருந்தே கூப்பிட்டார். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். கட்டின் ஓரத்தில், துணி மடிப்புக்கு வெளியே, ஜோடி இலையோடு இரண்டு பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றும் ஒரு கடுகு அளவு இருக்கும்.

"பாத்தியா? புடிச்சிக்கிச்சு" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். சூடு, ஈரம், இருட்டு. முளைக்க இதைவிட என்ன வேண்டும் என்று என் புத்தி வேலை செய்தது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அது ஒரு கணமும் கேட்கவில்லை. என் கண் இலையைத்தான் பார்த்தது, காலைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் எப்படி வாயைப் பிளப்பார்கள் என்றுகூட நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்.

அம்மா என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "ரெண்டு நாளா ஒரு மாதிரி நாத்தம் வருதுடி. ராத்திரி ஒடம்பு காயுது. பிரிச்சிப் பாக்கலாம்னா வுட மாட்டேங்கறாரு. நீ சொன்னா கேப்பாரு."

நான் போய்ச் சொன்னேன். அப்பா முடியாது என்று தலையை ஆட்டினார். "பிரிச்சா வேரு அறுந்துடும். நம்பி மொளச்சிருக்குது, அத்தக் கொல்லச் சொல்றியா? நீயே சொல்லு, இப்பொ பிரிக்கணுமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். வீட்டில் இருந்த ஒரே படித்தவள் நான்.

"இன்னும் நாலு நாள் போவட்டும்மா" என்றேன்.

புதன்கிழமை பகலில் என் மாமா, அம்மாவின் தம்பி, ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். அப்பாவுக்குக் குளிர்ஜுரம் வந்து பிதற்ற ஆரம்பித்ததும் திண்டிவனத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் விழுப்புரத்துக்கு அனுப்பிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

துணி தனியாக வரவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத்தான் எடுத்தார்கள். அடியில் இலை அழுகாமல் இருந்தது. அதன் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக, நூல் போல வேர்கள் இறங்கியிருந்தன. கறுத்துக் குழைந்து போயிருந்த சதையில், சீழில், அவை நன்றாகவே செழித்திருந்தன. இடுக்கியால் இலையைத் தூக்கியபோது வேரோடு சேர்ந்து சதையும் பிசிறாக வந்தது. பெருவிரல் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அந்த நாற்றத்தில் மாமா வெளியே ஓடிவிட்டார். அப்பா மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு அப்போதும் கால் வலிக்கவில்லை.

"என்னம்மா இது, கால்ல செடி நட்டு வச்சிருக்கீங்க?" என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. "யாரு கட்டுனது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "நான்தாங்க. நாட்டு வைத்தியம்னு கட்டிட்டேன்."

பொய் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்ட நோன்புகளில் ஒன்று. அம்மா அதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டால்கூட, இருக்கிறதை இல்லையென்று சொல்லத் தெரியாதவள். டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். படிக்காத ஜனங்கள் என்று சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். இல்லை, நான் கட்டியது என்று சொல்ல எனக்கு எல்லா நேரமும் இருந்தது.

முழங்காலுக்கு மேலே எடுத்தாக வேண்டும், அதுவும் அன்றைக்கே என்றார்கள். எடுத்தாலும் உத்தரவாதமில்லை, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. சாயங்காலம் ஜுரம் சற்று இறங்கி அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அதை வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்லும்மா. எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம்பா."

"எடுத்தா அந்த எடத்துல எதுனா வருமா?"

"வராதுப்பா."

"கொஞ்சமும்?"

"தோல் மூடும். அவ்ளோதான்."

"பொஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்குதா?"

"ஆமாம்பா. எப்பவுமே அப்பிடித்தான் போட்டிருந்துது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். கோபமே இல்லாமல், பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார். பிறகு நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து அவரை வார்டுக்குக் கொண்டுபோன பிறகு, அங்கே வேலை செய்கிற ஓர் ஆள் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். வயதானவன், மரியாதையாகத்தான் பேசினான். "கால வாங்கிக்கினு போறீங்களாம்மா? சில பேரு ஊருல கொண்டுபோயி அடக்கம் பண்ணுவாங்க. இல்லன்னா இங்கயே எரிச்சிடுவோம். எதுன்னாலும் சொல்லுங்க." அம்மா வார்டுக்குள் இருந்தாள், மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். வாங்கிக்கொண்டால் அதைப் பார்க்க வேண்டியிருக்கும். "இங்கயே எரிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அப்பா மூன்று நாள் இருந்தார். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் கஞ்சிகூட வேண்டாம் என்று மறுத்தார். நர்ஸ் கோபித்துக்கொண்டாள். என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டினார்களா, கரும்புக் கட்டை சீவியாயிற்றா என்று மாமாவிடம்தான் கேட்டார். இரண்டாம் நாள் ஜுரம் மறுபடி ஏறியது. நான்காம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது.

ஊருக்கு எடுத்துப்போக வேன் பேசினார்கள். அப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் துணி தட்டையாகக் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது.

"காலையும் வாங்கியா" என்றாள் என்னிடம். "ஒண்ணா வச்சி எரிக்கட்டும். அவரு முழுசாப் போவட்டும்."

மாமா, "உயிரே போயிடுச்சி, ஒடம்புல இன்னாக்கா இருக்குது" என்றார். நம் சாத்திரப்படி அவர் சொன்னது சரிதான். அம்மாவுக்கும் அது தெரியாததில்லை. ஆனாலும் அவள் கேட்கவில்லை. "நீ போயி வாங்கியாடி" என்று மறுபடியும் சொன்னாள்.

நான் போனேன். கட்டடத்தின் பின்பக்கம் வரைக்கும் நடந்து, சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த ஆள் தூரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. திரும்பி வந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"அன்னிக்கே எரிச்சிட்டாங்களாம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எரிக்கிறதுக்கு முன்னாடி நம்மள ஒரு வார்த்த கேக்க வேணாமா? ஒங்கிட்ட யாரும் கேக்கலியா?"

"கேக்கலம்மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் என்னோடுதான் இருந்தாள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தன் புருஷன் காலைக் கேட்காமல் எரித்த அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.